யாழ்ப்பாணக் கடலில் ஆமை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுந்தீவுப் பக்கம் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் முதன்முதலாகக் கடலாமையைக் கண்டேன். உரிக்காத தேங்காய் ஒன்று மிதக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்குக் கண் இருப்பது தெரிந்ததும் "ஆமை! ஆமை!" என்று கத்திவிட்டேன். வள்ளம் ஓட்டியவர் எனக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் இஞ்சினை முறுக்கி நேராக அதை நோக்கி விட்டார். தலை சட்டென்று உள்ளே போய்விட்டது. இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தோம். அது எங்கள் கண்ணில் படவேயில்லை.

கூட வந்த வயதான தொழிலாளி ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தவர், திரும்பும்போது சொன்னார்: "அது மூச்சுக்கு வந்தது, தம்பி. நீங்கள் அதை மூச்செடுக்க விடேல்லை."

அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும். கடலாமை தண்ணீரில் வாழ்ந்தாலும் நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடும் உயிர். காற்றுக்காக அது மேலே வந்தே ஆக வேண்டும். பெண் ஆமை முட்டையிடக் கரைக்கு வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டு நேரங்களிலும்தான் நாம் அதைக் காண்கிறோம். இந்த இரண்டு நேரங்களிலும் அதற்கு வேறு வழியே கிடையாது. ஆகவே பார்க்கப் போகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது மறிக்காமல் நிற்பதைத்தான்.

போவதற்கு முன்: யாரைப் பார்க்கப் போகிறோம்?

உலகில் கடலாமை இனங்கள் 7. அவற்றில் 5 இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. பேராமை, அழுங்காமை, சிற்றாமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. ஊருக்கு ஊர் பெயர் மாறும்; உங்கள் வள்ளக்காரர் வேறு பெயர் சொன்னால் திருத்தப் போகாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய ஆழமில்லாத கடலுக்கு மிகவும் பொருத்தமானது பேராமை. வளர்ந்த பேராமையின் முக்கிய உணவு கடற்புல்லும் பாசியும். பாக்கு நீரிணையும் தீவுகளைச் சுற்றிய களப்புக் கடலும் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. வெயில் அடிவரை இறங்கும். அதனால் கடற்புல் படுகைகள் விரிந்து கிடக்கின்றன. கரையில் ஒதுங்கும் சாதாழையை, அதாவது செத்த கடற்புல்லை, தோட்டத்துக்கு உரமாக அள்ளிப்போன ஊர் நம்முடையது. அது ஒதுங்குகிறது என்றால் கொஞ்சம் தள்ளி ஆமையின் மேய்ச்சல் நிலம் இருக்கிறது என்று பொருள்.

தலை உருண்டு, நெற்றியில் கண்களுக்கு நடுவே ஒரே ஒரு சோடி செதில் இருந்தால் பேராமை. கிளி மூக்குப்போல் கூர்ந்த வாயும், கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த முதுகுத் தகடுகளும் இருந்தால் அழுங்காமை. அதைப் பவளப் பாறை உள்ள இடங்களில் எதிர்பார்க்கலாம். சிற்றாமை சிறியது, ஓடு ஏறக்குறைய வட்டம். பெருந்தலை ஆமைக்குப் பெயரே அடையாளம். ஏழுவரி ஆமைக்குக் கெட்டியான ஓடு கிடையாது, தோல் போர்த்த முதுகில் நீளமாக ஏழு வரம்புகள் ஓடும். ஆழ்கடல் உயிரான அதை நம் கரையில் காண்பது பெரும் பேறு.

தலை, நான்கு கால் என்ற ஐந்தையும் உள்ளே இழுத்து அடங்கிக்கொள்ளும் ஆமை என்று படித்து வளர்ந்திருக்கிறோம். அது தரையிலும் குளத்திலும் வாழும் ஆமை. கடலாமையால் தலையையும் துடுப்பையும் ஓட்டுக்குள் இழுக்க முடியாது. ஒளிய இடமில்லாத உயிர் அது; ஓடித் தப்பினால்தான் உண்டு.

மனதில் வைக்க வேண்டிய பழைய கணக்கு

இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமை இறைச்சி நெடுங்காலம் உண்ணப்பட்டது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாக அறுத்து விற்றதை அருவருப்போடு பதிவு செய்திருக்கிறார். இன்று 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1972ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாக, கடலாமைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. பிடிப்பது, கொல்வது, இறைச்சியையோ முட்டையையோ ஓட்டையோ வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம்.

யாராவது இரகசியமாக இறைச்சி தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். சட்டம் ஒரு காரணம். உடம்பு இன்னொரு காரணம்: அழுங்காமை கடற்பஞ்சுகளைத் தின்பது, அதன் இறைச்சி சில வேளை கொடிய நஞ்சாக மாறும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

முதல் படி: காற்றைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை தீவுப் பக்கக் கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்றும் மழையும் சேரும் நவம்பர், டிசம்பரில் வடமராட்சி கிழக்குக் கரை பொல்லாதது. இரண்டுக்கும் நடுவே பெப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும் நாட்கள் கிடைக்கும். ஆமை பார்க்க அந்த அமைதி வேண்டும், ஏனென்றால் அலை அடித்தால் ஒரு சிறு தலையை நீங்கள் காணவே மாட்டீர்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம். வெயில் ஏறினால் நீரில் கண் கூசும்.

இரண்டாம் படி: எங்கே போவது

குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நெடுந்தீவுக்குப் பயணிகள் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தனி வள்ளம் பிடிக்காமலே, அந்தப் படகின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டு போவதே ஆரம்பக்காரருக்கு நல்ல பயிற்சி. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பயணங்களும் அப்படியே. கரையில் இருந்து பார்க்க விரும்பினால் தீவகத்தில் உயரமான ஒரு பாறைக் கரையோ பழைய இறங்குதுறையோ தேடிக்கொள்ளுங்கள். தண்ணீர் கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் இடங்களில் பெரும்பாலும் கடற்புல் இருக்கும், வெளிர் நிறம் மணல். கண் அந்தக் கருந்திட்டுகளிலேயே இருக்கட்டும்.

முட்டையிட ஆமைக்கு வேண்டியது மென்மையான, அகன்ற மணல். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை நீளும் கரை அப்படிப்பட்டது. தெற்கே றெக்காவவில் போல் ஒவ்வொரு இரவும் ஆமை ஏறும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே தடம் ஒன்றைக் கண்டாலே அந்த நாள் நல்ல நாள். சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

மூன்றாம் படி: வள்ளத்தில் ஏறுமுன் பேசி முடியுங்கள்

கடலில் வைத்துச் சொன்னால் காற்றில் போய்விடும். கரையிலேயே, காசு பேசும்போதே, பணிவாகச் சொல்லுங்கள்: "அண்ணை, ஆமையைக் கண்டால் துரத்த வேண்டாம். இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பம். காணாட்டிலும் காசு அதே காசுதான்."

கடைசி வரி மிக முக்கியம். வள்ளக்காரர்கள் ஆமையைத் துரத்துவதற்குக் காரணம் அவர்களின் கொடுமை அல்ல. வந்தவர்கள் ஏமாந்து போனால் அடுத்த முறை வரமாட்டார்களே என்ற பயம். அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். என் முதல் பயணத்தில் பிழை ஓட்டியவருடையது அல்ல, கத்திய என்னுடையது.

எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. குடிநீர், தொப்பி, நீளக் கை வைத்த உடுப்பு. தோலில் பூசும் சன்ஸ்கிரீனைக் கூடியமட்டும் தவிர்த்து உடுப்பால் மூடிக்கொள்ளுங்கள். பொலித்தீன் பை ஒன்றும் வள்ளத்தில் பறக்கக் கிடக்கக் கூடாது. ஆமை அதைச் சொறிமுட்டை (ஜெல்லிமீன்) என்று நினைத்து விழுங்கும்.

நான்காம் படி: மூச்சை எண்ணுங்கள்

ஆமை இருக்கக்கூடிய இடத்துக்கு வந்ததும் இஞ்சினை நிறுத்துங்கள். ஆமையின் காது தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கேட்கும், இஞ்சின் உறுமல் அந்த வகை ஒலிதான். நங்கூரம் போடுவதானால் வெளிர் மணலில் மட்டும் போடுங்கள். கடற்புல்லில் போட்டு இழுத்தால் வேரோடு பிடுங்கிவரும். மறுபடி வளர நீண்ட காலம் எடுக்கும். (கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை நம் கடற்புல்லுக்குச் செய்த அழிவைத் தொழிலாளர்களிடம் கேட்டால் நெஞ்சு கனக்கும். இலங்கையில் அந்தத் தொழில்முறை 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.)

பிறகு சும்மா இருங்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொண்டு பார்க்கலாம். தலை தெரிந்தால் கத்தாமல், கை நீட்டாமல், தாழ்ந்த குரலில் திசையை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது எண்ணத் தொடங்குங்கள். தலை தூக்கும், இரண்டு நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றை இழுக்கும், தாழும், மறுபடி தூக்கும். அமைதியாக இருக்கும் ஆமை இப்படிச் சில முறை மூச்செடுத்துவிட்டு நிதானமாக இறங்கி மேயப் போகும். கொஞ்ச நேரம் கழித்து அதே சுற்றுவட்டத்தில் மறுபடி வரும். ஒரே மூச்சோடு தலையை வெட்டி இழுத்துக்கொண்டு போனால் அது உங்களைக் கண்டு அஞ்சிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், அங்கிருந்து விலகுவது. துரத்தப்படும் ஆமை வேகமாக நீந்தும். சேர்த்த காற்று சீக்கிரம் தீரும். தீர்ந்தால் மறுபடி மேலே வர வேண்டும். மேலே நீங்கள் நிற்கிறீர்கள்.

எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். வள்ளத்தில் நான் வைத்திருக்கும் அளவு 50 மீற்றர். அதற்குள் இஞ்சின் ஓடக்கூடாது. ஆமை தானாகக் கிட்ட வந்தால் அசையாமல் இருந்து அனுபவியுங்கள். ஆழமான பக்கத்துக்கும் ஆமைக்கும் நடுவே வள்ளம் நிற்கக் கூடாது, அதன் ஓடும் வழி அது. ஒரு ஆமைக்கு ஒரு வள்ளம், அதிகம் போனால் பதினைந்து நிமிடம். இன்னொரு வள்ளம் ஏற்கெனவே நின்றால் நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். புறப்படும்போது தலை எங்கே என்று தெரிந்த பிறகு, ஆழம் குறைந்த இடமானால் கம்பு ஊன்றி, அல்லது மிகமெதுவாக இஞ்சினில் விலகுங்கள். இஞ்சின் விசிறி ஓட்டைப் பிளந்தால் ஆமை பிழைப்பது அரிது.

ஐந்தாம் படி: நீரில் இறங்குவதானால்

நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும். ஐந்து மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டாம். மேலிருந்து கவிழ்ந்து பார்க்காதீர்கள், சுறா வருவதுபோல் இருக்கும். பக்கவாட்டில், அதே மட்டத்தில், அது போகும் திசையிலேயே மெல்ல நீந்துங்கள். தொடக் கூடாது, ஓட்டைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, தீனி போடக் கூடாது. பாறைக்கடியில் தூங்கும் ஆமையைக் கண்டால் எழுப்பாதீர்கள். கடற்புல்லின் மேல் கால் ஊன்றாதீர்கள். ஆமை மேலே எழும்பத் தொடங்கினால் விலகி வழி விடுங்கள்.

ஆறாம் படி: மணலில்

என்னைக் கேட்டால், வடமராட்சி கிழக்குக் கரைக்கு இரவில் போவதைவிட விடியற்காலையில் போங்கள். இரவில் போய் ஆமையைக் கெடுத்துவிடுகிறவர்களே அதிகம். விடிய ஐந்தரைக்குப் போனால் இரவு நடந்தது மணலில் எழுதியிருக்கும்.

தடம் உழவு இயந்திரச் சில்லு போன தடம்போல் இருக்கும். கடலில் இருந்து ஏறிய தடமும் இறங்கிய தடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் ஊன்றி இடமும் வலமும் ஒத்த அச்சு விழுந்திருந்தால் பேராமை அல்லது ஏழுவரி ஆமை. மாறி மாறி ஊன்றியிருந்தால் மற்ற மூன்றில் ஒன்று. ஏறிய தடம் குழி எதுவும் இல்லாமல் வளைந்து திரும்பியிருந்தால் ஆமை முட்டையிடாமல் போய்விட்டது என்று அர்த்தம். வெளிச்சமோ நாயோ மனிதரோ காரணமாக இருக்கலாம்.

தடத்தின் மேல் முனையில் அடம்பன் கொடி பிய்ந்து, மணல் கிளறிக் கிடந்தால் அங்கே முட்டை இருக்கக் கூடும். இந்த அடையாளம் நம் ஆட்களுக்குப் புதியதல்ல; நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர் ஒருவர், சினையாமை கொடியைச் சிதைத்து வெண்மணலில் முட்டையை மறைத்துப் புதைப்பதை அப்படியே சொல்லியிருக்கிறார். ஆண் ஆமை அதைக் காவல் காக்கும் என்றும் அவர் பாடினார், அது மட்டும் நடப்பதில்லை. முட்டையைக் காக்க யாரும் இல்லை. ஆகவே தோண்டிப் பார்க்காதீர்கள். இட்டுச் சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு அறுந்து இறந்துவிடும். கம்பு நட்டு அடையாளம் வைக்காதீர்கள், முட்டை திருடுபவருக்கு அதுவே வழிகாட்டி. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். கரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற தம்பிமாரைக் கண்டால் கீழே முட்டை இருக்கிறது என்று அன்பாகச் சொல்லுங்கள், தெரியாமல்தான் ஓட்டுகிறார்கள்.

அப்படியும் இரவில் போகத்தான் வேண்டும் என்றால் முதலில் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் கிராம அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருட்டில் கரையில் திரிவது உங்களுக்கும் ஆபத்து, கரையோர வாடிக் குடிலில் படுத்திருப்பவர்களுக்கும் பயம். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். இருண்ட நிற உடுப்பு. வெள்ளை ரோச் லைற் வேண்டவே வேண்டாம். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய மங்கலான விளக்கு, அதுவும் கால் வைக்கும் இடத்துக்கு மட்டும்.

ஆமை கரையேறும் நேரம்தான் அது மிகவும் கூச்சப்படும் நேரம். அலையோரத்தில் ஒரு கறுப்பு உருவம் தெரிந்தால் நின்ற இடத்திலேயே குந்துங்கள். பேசாதீர்கள். அது ஏறும், நின்று பார்க்கும், இடம் தேடும், முன்துடுப்பால் உடம்புக்குக் குழி பறிக்கும். பிறகு பின்துடுப்பால் முட்டைக் குழி. கண்ணால் பார்க்காமலே, இரண்டு கையால் மண் அள்ளுவதுபோல் மாறி மாறி அள்ளிப் போடும் அந்த வேலையை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக, குனிந்தபடி கிட்டப் போகலாம். தலைக்கு முன்னால் ஒருபோதும் போகக் கூடாது. பேராமை ஒரு முறையில் நூறு முட்டைக்கு மேலும் இடும்.

அதன் கண்ணில் நீர் வழிவதைப் பார்ப்பீர்கள். பிரசவ வேதனையில் அழுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுவதுதான் அந்த நீர், கடலுக்குள்ளும் அது வழிந்துகொண்டேதான் இருக்கும். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

குழியை மூடத் தொடங்கியதும் பின்வாங்குங்கள். திரும்பிப் போகும் வழியில் யாரும் நிற்கக் கூடாது. பிளாஷ் போட்டுப் படம் எடுப்பது, முதுகில் பிள்ளையை இருத்துவது, மேலே ட்ரோன் விடுவது எதற்கும் இடமில்லை.

ஏழாம் படி: குஞ்சுகள்

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. 29 பாகை செல்சியஸ் அளவில் இரண்டும் கலந்து வரும். சூடு கூடினால் பெண் கூடும். பெரும்பாலும் இரவில், மணல் குளிர்ந்த பிறகு வெளிவந்து, அடிவானத்தில் எது அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். வீட்டு விளக்கு எரிந்தால் அது வீதி.

ஆகவே விளக்குகளை அணையுங்கள், போனையும் அணையுங்கள், வழியில் உள்ள குழிகளை மெல்லக் காலால் தள்ளிச் சமப்படுத்துங்கள், நாய்களைத் தூரத்தில் வையுங்கள். குஞ்சைத் தூக்கிக் கடலில் விடுவது உதவி அல்ல. அந்த மணலில் தானே ஊர்ந்து போக விடுங்கள். கையில் குஞ்சு கொடுத்துக் காசு வாங்கிப் பகலில் விடச் செய்யும் இடங்களையும், தொட்டியில் நாட்கணக்கில் அடைத்துக் காட்டும் இடங்களையும் தெற்குக்குச் சுற்றுலா போகும்போது தவிர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: காயப்பட்ட ஆமையைக் கண்டால்

உயிரோடு ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் தள்ளாதீர்கள். அது களைத்தோ காயப்பட்டோ வந்திருக்கிறது, ஆழத்தில் மூழ்கி இறந்துவிடும். நிழல் செய்யுங்கள். வயிறு கீழே இருக்கும்படியே வையுங்கள். ஈரத் துணியால் ஓட்டைப் போர்த்துங்கள், மூக்குத் துவாரத்தை மூட வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கூட்டத்தை விலக்கி 1992க்கு அழையுங்கள்.

வலையில் சிக்கி அசைவற்றுக் கிடக்கும் ஆமை செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் போய் மயங்கியிருக்கலாம். பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில், ஈரமாக வைத்தால் தண்ணீர் வடிந்து சில மணி நேரத்தில், சில வேளை ஒரு நாள் கழித்தும், எழும்பும். இதை வலைத் தொழில் செய்கிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். சுற்றிய நைலோன் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். தொண்டையிலோ பின்புறத்திலோ இருந்து நூல் நீண்டிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள், குடல் அறும்.

இறந்த ஆமையையும் அறிவியுங்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகள் இலங்கைக் கரைகளில் செத்து ஒதுங்கின. எங்கே, எப்போது, எந்த நிலையில் என்ற விவரம் இல்லாமல் சாவின் காரணத்தைத் தேட முடியாது.

கடைசியாக, வீட்டுக்கு வந்து

ஒரு கொப்பி வையுங்கள். திகதி, நேரம், காற்று, தண்ணீரின் நிறம், எத்தனை ஆமை, எந்த இனம், எத்தனை மூச்சு எடுத்தது, எப்படி இறங்கியது. படத்தை முகநூலில் போடுவதானால் இடக் குறிப்பை நீக்கிவிட்டு, "தீவகம்" என்றளவில் நிறுத்துங்கள். முட்டையிட்ட இடத்தின் படத்தைப் போடவே வேண்டாம்.

என் கொப்பியில் நெடுந்தீவுக் கடலுக்கான முதல் பக்கத்தில் "மூச்சு: 1, துரத்தினோம்" என்று இருக்கிறது. போன மாசியில் அதே பக்கக் கடலில், இஞ்சின் நிறுத்திய வள்ளத்தில் இருந்து எழுதியது: "மூச்சு: 6. தானாக இறங்கியது."